சி நிரல்தொகுப்பில் பயன்படாத பாராமீட்டர்களை நீக்குதல்: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளாகப் பலர் கை வைத்து வளர்ந்த எந்த சி நிரல்தொகுப்பிலும், உள்ளே யாரும் தொடாத பாராமீட்டர்கள், அதாவது ஃபங்ஷன்கள் வாங்கும் உள்ளீடுகள், சேர்ந்துகிடக்கும். ஒரு காலத்தில் தேவைப்பட்ட ஃபிளாக், வேறு ஃபங்ஷனுக்கு மாறிப்போன வேலைக்காகக் கொடுக்கப்பட்ட ஸ்ட்ரக்ட் பாயிண்டர், என்றாவது உதவும் என்று முன்கூட்டியே சேர்த்து வைத்த அளவு என்று அவை பலவகை. அழைக்கும் இடத்தில் ஒருவர் அந்த மதிப்பைத் தேடிக் கணக்கிட்டுக் கொடுக்கிறார்; அழைக்கப்படும் ஃபங்ஷனோ அதைப் பார்ப்பதே இல்லை. நிரலைப் புதிதாகப் படிப்பவர், அந்த மதிப்பை மாற்றினால் விளைவும் மாறும் என்று நம்பிவிடுகிறார். இந்தத் தவறான நம்பிக்கைக்கு இடம் தராமல் செய்வதே இந்த வேலையின் முதன்மைப் பயன்.

வேகத்துக்காக இதைச் செய்ய வேண்டியதில்லை. ஓ2 என்ற மேம்படுத்தல் நிலையில் தொகுக்கும்போது ஜிசிசி என்ற கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தன் ஐபிஏ-எஸ்ஆர்ஏ என்ற கட்டத்தில், கோப்புக்கு வெளியே தெரியாத ஃபங்ஷன்களின் பயன்படாத பாராமீட்டர்களைத் தானே கழற்றிவிடும். கிளாங் கம்பைலரின் அடித்தளமான எல்எல்விஎம்-இலும் இதற்கென ஒரு தனிக் கட்டம் உண்டு. ஆகவே அப்படிக் கோப்புக்குள் அடங்கிய ஸ்டாட்டிக் ஃபங்ஷன் ஒன்றில் பாராமீட்டரை நீக்கி இயங்கும் நேரத்தை அளந்து பார்த்தால் பெரும்பாலும் வேறுபாடு எதுவும் தெரியாது.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கம்பைலர் தரும் ஒவ்வொரு எச்சரிக்கையும் முதலில் ஒரு கேள்வி: இந்த மதிப்பு ஏன் பயன்படவில்லை? அதற்கு விடை தெரியாமல் நீக்குவது ஆபத்தானது. ஒரு பெயரை நகலெடுக்கும் காப்பி_நேம் என்ற ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று பாராமீட்டர்கள்: எழுத வேண்டிய இடத்தின் பாயிண்டர், அந்த இடத்தின் அளவு, மூலச் சரம். இரண்டாவதான அளவு பயன்படவில்லை என்கிறது கம்பைலர். உள்ளே பார்த்தால் ஒரே ஒரு ஸ்டிர்காப்பி அழைப்புதான் இருக்கிறது. அளவைப் பார்க்காமலே நகலெடுக்கிறது. மூலச் சரம் நீளமாக இருந்தால் அடுத்துள்ள நினைவகத்தின் மேல் எழுதிவிடும். இங்கே நீக்கப்பட வேண்டியது அந்தப் பாராமீட்டர் அல்ல. அதைப் பயன்படுத்தாமல் விட்ட பிழையே. எச்சரிக்கையை அடக்குவதற்காக அளவை நீக்கிவிட்டால், இங்கே ஓர் எல்லைச் சரிபார்ப்பு இருந்திருக்க வேண்டும் என்பதற்கான கடைசித் தடயமும் அழிந்துவிடும்.

படி 1: எச்சரிக்கைகளைத் திரட்டுதல்

ஜிசிசி-யில் டபிள்யூ-ஆல் விருப்பம் மட்டும் இதற்குப் போதாது. பயன்படாத மாறிகளை அது காட்டும். பயன்படாத பாராமீட்டர்களைக் காட்டாது. டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அல்லது டபிள்யூ-அன்யூஸ்டு-பாராமீட்டர் என்பதை நேரடியாகக் கொடுக்க வேண்டும். கிளாங்கில் டபிள்யூ-எக்ஸ்ட்ரா போதும். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இதே எச்சரிக்கையின் எண் சி4100. அது நான்காம் நிலையில்தான் வெளிவரும். பாராமீட்டருக்கு மதிப்பு இடப்பட்டு அந்த மதிப்பு எங்கும் படிக்கப்படாத நிலையைக் காட்டும் தனி எச்சரிக்கையும் ஜிசிசி-யிலும் கிளாங்கிலும் இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அழைத்தவருக்கே விடை போய்ச் சேர்கிறது என்று தவறாக எண்ணி எழுதப்பட்ட வரிகள் அதில்தான் அகப்படும்.

முழுத் தொகுப்பையும் சுத்தமாக்கி, மறுபடி தொகுத்து, வெளியீட்டை ஒரு கோப்பில் சேமியுங்கள். ஹெடரில் (பல கோப்புகள் பகிரும் அறிவிப்புக் கோப்பில்) உள்ள இன்லைன் ஃபங்ஷன் ஒன்று, அந்த ஹெடரைச் சேர்க்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முறை எச்சரிக்கை தரும் என்பதால், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் வைத்து மீள்வரும் வரிகளை நீக்கிய பிறகே பட்டியலின் உண்மையான நீளம் தெரியும். பிறர் எழுதி உங்கள் தொகுப்பில் வைத்திருக்கும் நூலகங்களை இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கிவிடலாம். அவற்றைத் திருத்தினால் அடுத்த பதிப்பை இறக்கும்போது எல்லாம் மோதும்.

படி 2: எல்லா அமைவுகளிலும் சரிபார்த்தல்

அவசரப்பட்டால் இடறி விழும் இடம் இது. கம்பைலர் பார்ப்பது ப்ரீபிராசசர் (மேக்ரோக்களை விரித்து, நிபந்தனைப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டம்) கடந்து வந்த நிரலை மட்டுமே. ஒரு பாராமீட்டர் விண்டோஸ் அமைவில் மட்டும் பயன்பட்டால், லினக்ஸில் தொகுக்கும்போது அது பயன்படாததாகத் தெரியும். அசெர்ட் மேக்ரோவுக்குள் மட்டும் சோதிக்கப்படும் பாராமீட்டரோ என்டீபக் வரையறுக்கப்பட்டு அசெர்ட்கள் அணைக்கப்பட்ட வெளியீட்டு அமைவில் காணாமல் போய்விடும். பிழைத்திருத்த அமைவில் அது உயிரோடு இருக்கும். பதிவு எழுதும் மேக்ரோக்களும் இப்படியே.

ஆகவே நீங்கள் ஆதரிக்கும் ஒவ்வொரு அமைவிலும் தொகுத்துத் தனித்தனிப் பட்டியல் எடுங்கள். ஒரு ஃபங்ஷன் எந்தெந்த அமைவுகளில் தொகுக்கப்படுகிறதோ அவை அனைத்திலும் எச்சரிக்கை வரும் பாராமீட்டர் மட்டுமே நீக்கத் தகுந்தது. பட்டியல்களைக் கூட்டக் கூடாது. அவற்றுக்குப் பொதுவானவற்றை மட்டும் எடுக்க வேண்டும். உங்களால் தொகுக்க முடியாத தளம் ஏதேனும் இருந்தால், அந்த ஃபங்ஷனின் உடலுக்குள் இஃப்டெஃப் என்ற நிபந்தனை வரிகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படி 3: வகை பிரித்தல்

பொதுப்பட்டியலில் எஞ்சியவற்றை நான்கு குவியல்களாகப் பிரிக்கலாம். பயன்பட்டிருக்க வேண்டியது, ஆனால் பிழையால் பயன்படாமல் போனது முதல் குவியல். காப்பி_நேம் இதில் சேரும். வடிவம் வெளியிலிருந்து விதிக்கப்பட்டது இரண்டாவது. வரிசைப்படுத்தும் கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பீட்டு ஃபங்ஷன் இரண்டு பாயிண்டர்களை வாங்கியே ஆக வேண்டும். சிக்னல் ஹேண்ட்லர் ஓர் இன்ட் வாங்க வேண்டும். புதிய திரெட்டைத் தொடங்கும் பிதிரெட்_கிரியேட்டுக்குக் கொடுப்பது ஒரு வாய்டு பாயிண்டரை (வகை சொல்லப்படாத பாயிண்டரை) வாங்க வேண்டும். ஃபங்ஷன் பாயிண்டர்கள் நிறைந்த கட்டளைப் பட்டியல்களும் இதே வகை. மூன்றாவது, சில அமைவுகளில் மட்டும் பயன்படுவது. இம்மூன்றிலும் சேராத உண்மையான எச்சங்கள் நான்காவது குவியல். நீக்கும் வேலை இந்த நான்காவதில் மட்டுமே நடக்க வேண்டும்.

இரண்டாம் குவியலைக் கண்டுபிடிக்க, ஃபங்ஷனின் பெயர் அழைப்பு அடைப்புக்குறி இல்லாமல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடுங்கள். ஒரு ஸ்ட்ரக்ட்டின் தொடக்க மதிப்பாகவோ, வேறொரு ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட்டாகவோ (அழைப்பில் கொடுக்கும் மதிப்பாகவோ) வந்தால் அதன் முகவரி எடுக்கப்படுகிறது என்று பொருள். அந்த இடத்தில் வகைமாற்றம் (காஸ்ட்) எழுதப்பட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. வகைமாற்றம் இல்லாவிட்டால் பொருந்தாத பாயிண்டர் வகையைக் கம்பைலர் காட்டிக்கொடுக்கும். 2024-இல் வந்த ஜிசிசி 14 முதல் அது எச்சரிக்கையாக நிற்காமல் பிழையாகவே நிறுத்திவிடுகிறது. வகைமாற்றம் இருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பொருந்தாத வகையுள்ள பாயிண்டர் வழியாக ஃபங்ஷனை அழைப்பது சி தரநிலைப்படி வரையறுக்கப்படாத நடத்தை. பல கணினிகளில் அது தற்செயலாக வேலை செய்வதுபோல் தோன்றினாலும், உலாவிகளில் இயங்கும் வெப்அசெம்பிளியில் அழைக்கும் கணத்திலேயே நின்றுவிடும். ஜிசிசி 8-இல் வந்த டபிள்யூ-காஸ்ட்-ஃபங்ஷன்-டைப் எச்சரிக்கை இத்தகைய வகைமாற்றங்களைத் தேடித் தருகிறது.

முதல் குவியலையும் நான்காவதையும் பிரித்தறிய, வரலாறு கைகொடுக்கும். நிரலின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட் கருவியின் லாக் கட்டளைக்குப் பெரிய எல் விருப்பத்தைக் கொடுத்து ஃபங்ஷனின் பெயரைச் சொன்னால், அந்த ஃபங்ஷன் மட்டும் காலப்போக்கில் எப்படி மாறியது என்பது வரிசையாக வரும். பாராமீட்டரைப் பயன்படுத்திய கடைசி வரி எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) போனது, அது தெரிந்தே போனதா, வேறொரு திருத்தத்தின் இடையில் தவறிப் போனதா என்பதைப் பாருங்கள். ஒருபோதும் பயன்படாமலே பிறந்த பாராமீட்டராக இருந்தால், அருகிலுள்ள ஒத்த ஃபங்ஷன்கள் அதை எதற்குப் பயன்படுத்துகின்றன என்று ஒப்பிடுங்கள். இந்த ஆய்வில் கிடைத்ததை ஓரிரு வரிகளில் கமிட் செய்தியில் எழுதிவைப்பது, என் கருத்தில், திருத்தத்தைவிடவும் மதிப்புள்ளது. இந்தப் பாராமீட்டர் எந்தக் கமிட்டிலிருந்து பயன்படவில்லை, ஏன் இனித் தேவையில்லை என்பது இரண்டு வரியில் இருந்தால், மறுபரிசீலனை செய்பவர் அதே தேடலை மீண்டும் செய்ய வேண்டியதில்லை.

படி 4: ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களில் தொடங்குதல்

ஸ்டாட்டிக் ஃபங்ஷனை அழைப்பவர்கள் அனைவரும் பொதுவாக ஒரே கோப்புக்குள் இருப்பார்கள். வரையறையிலும், முன்னறிவிப்பு இருந்தால் அதிலும், அழைப்புகளிலும் நீக்கிவிட்டுத் தொகுத்தால், விடுபட்ட அழைப்பை ஆர்க்யுமென்ட் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று கம்பைலர் நிறுத்திக் காட்டிவிடும். பிறகு தொகுப்புக்குள் பல கோப்புகளில் பயன்படும் ஃபங்ஷன்களுக்குப் போகலாம். வெளியுலகுக்கு ஏற்றுமதியாகும் ஃபங்ஷன்கள் கடைசி.

நீக்கும்போது கவனிக்க வேண்டிய சில நுணுக்கங்கள் உண்டு.

ஒரே பாராமீட்டர் இருந்து அதையும் நீக்கினால், அடைப்புக்குறிக்குள் வாய்டு என்று எழுத வேண்டும். சி மொழியின் சி23 தரநிலைக்கு முந்தையவற்றில் வெற்று அடைப்புக்குறி, ஆர்க்யுமென்ட்கள் எவை என்று சொல்லப்படவில்லை என்றே பொருள்படும். பழைய அழைப்பு மதிப்பைக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் கம்பைலர் பிழையாகக் கொள்ளாது. சி23-இல்தான் வெற்று அடைப்புக்குறி வாய்டுக்குச் சமமாயிற்று.

அழைப்பில் உள்ள ஆர்க்யுமென்ட் வெறும் மாறியாக இல்லாமல் ஒரு செயலாக இருக்கலாம். மதிப்பை ஒன்று கூட்டும் ப்ளஸ்-ப்ளஸ், அடுத்த டோக்கனைப் படிக்கும் ஃபங்ஷன் அழைப்பு, பூட்டை எடுத்துப் பாயிண்டர் திருப்பித் தரும் மேக்ரோ போன்றவை அங்கே நின்றால், ஆர்க்யுமென்ட்டை அழிக்கும்போது அந்தச் செயலும் அழிந்துவிடும். பாராமீட்டர் பயன்படாவிட்டாலும் அந்தப் பக்கவிளைவு தேவைப்படலாம். அப்போது அதை அழைப்புக்கு முந்தைய தனி வரியாக எடுத்து எழுதுங்கள். ஆர்க்யுமென்ட்கள் எந்த வரிசையில் கணக்கிடப்படும் என்பதை சி வரையறுப்பதில்லை என்பதால், மற்ற ஆர்க்யுமென்ட்கள் அதே மாறியைத் தொடுகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகவும் மறைவான பொறி, எண்ணிக்கை மாறும் ஆர்க்யுமென்ட்கள் கொண்ட ஃபங்ஷன்களில் இருக்கிறது. பதிவு எழுதும் ஒரு ஃபங்ஷன் முதலில் வாய்டு பாயிண்டராக ஒரு சூழலையும், அடுத்து வடிவச் சரத்தையும், பிறகு மூன்று புள்ளிகளையும் வாங்குகிறது என்று கொள்வோம். சூழல் பயன்படவில்லை என்று அதை நீக்கிவிட்டீர்கள். ஓர் அழைப்பை மட்டும் திருத்த மறந்துவிட்டீர்கள். மூன்று புள்ளிகள் இருப்பதால் எண்ணிக்கை சரிபார்க்கப்படாது. வாய்டு பாயிண்டர் எந்தப் பொருள் பாயிண்டராகவும் தானே மாறும் என்பதால் வகையும் தடுக்காது. டபிள்யூ-ஆல் மட்டும் வைத்துத் தொகுத்தால் எந்த ஓசையும் இல்லாமல் கடந்துபோகும். இயங்கும்போது சூழல் ஸ்ட்ரக்ட்டின் பைட்டுகள் வடிவச் சரமாக வாசிக்கப்படும். இதைத் தவிர்க்க, நீக்கும்போதே ஃபங்ஷனின் பெயரையும் தற்காலிகமாக மாற்றுங்கள். பழைய பெயரில் எஞ்சிய ஒவ்வோர் அழைப்பும் அப்போது பிழையாக வெளிவரும். எல்லாம் தீர்ந்தபின் பழைய பெயருக்குத் திரும்பலாம். பெயர் மாற்றும் இந்த உத்தியை மற்றச் சிக்கலான நீக்கங்களுக்கும் நான் பரிந்துரைக்கிறேன்.

அட்ரிப்யூட்களில் (ஃபங்ஷனைப் பற்றிக் கம்பைலருக்குச் சொல்லும் குறிப்புகளில்) பாராமீட்டர்கள் எண்ணால் குறிக்கப்படுகின்றன என்பதும் எளிதில் மறந்துபோகும். பிரின்ட்எஃப் வடிவ அட்ரிப்யூட்டில் 2, 3 என்று இருந்தது இப்போது 1, 2 ஆக வேண்டும். அதைக் கம்பைலரே பெரும்பாலும் சொல்லிவிடும். நான்-நல் அட்ரிப்யூட்டிலோ, இரண்டாம் இடத்துக்கு வேறொரு பாயிண்டர் நகர்ந்து வந்திருந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒருபோதும் நல் (வெற்றுப் பாயிண்டர்) ஆகாது என்ற உறுதிமொழி தவறான பாயிண்டருக்குப் போய்ச் சேரும். அதை நம்பிக் கம்பைலர் உங்கள் நல் சோதனையையே அகற்றிவிடக்கூடும்.

பழைய தொகுப்புகளில், ஹெடரைச் சேர்க்காமல் கோப்புக்குள்ளேயே எக்ஸ்டர்ன் அறிவிப்பை எழுதிவைத்திருக்கும் வழக்கமும் உண்டு. அந்தக் கோப்பு பழைய வடிவத்தையே நம்பிக்கொண்டிருக்கும். சி மொழியில் குறியீட்டுப் பெயரில் வகைத் தகவல் இருப்பதில்லை என்பதால் கோப்புகளை இணைக்கும் லிங்கரும் ஏற்றுக்கொள்ளும். முழுத் தொகுப்பையும் எல்டிஓ என்ற இணைப்புநேர மேம்படுத்தலுடன் ஒரு முறை தொகுத்தால், கோப்புகளுக்கிடையே வகை முரண்படுவதை ஜிசிசி சுட்டிக்காட்டும். ஃபங்ஷனுக்கு மேலுள்ள விளக்கக் குறிப்பில் அந்தப் பாராமீட்டருக்கு ஒரு வரி இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

படி 5: சங்கிலியைத் தொடர்தல்

ஓர் உள் ஃபங்ஷனில் பாராமீட்டர் போனால், அதை வாங்கிக் கீழே கடத்துவதற்காகவே மேலுள்ள ஃபங்ஷன் வைத்திருந்த பாராமீட்டரும் இப்போது பயன்படாததாகிவிடும். ஆகவே அடியிலுள்ள ஃபங்ஷன்களிலிருந்து மேல்நோக்கிச் சென்று, புதிய எச்சரிக்கை வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பத் தொகுக்க வேண்டும். ஒரே மதிப்பைப் பற்றிய சங்கிலி முழுவதும் ஒரு கமிட்டாகவும், தொடர்பில்லாதவை தனித்தனிக் கமிட்களாகவும் இருப்பது நல்லது. ஐம்பது ஃபங்ஷன்களை ஒரே கமிட்டில் திருத்தினால், பின்னர் ஒன்று தவறென்று தெரியும்போது அதை மட்டும் திருப்பியெடுக்க முடியாது.

படி 6: வெளியே தெரியும் ஃபங்ஷன்கள்

பகிர்வு நூலகத்தின் பொது ஃபங்ஷனில் பாராமீட்டரை நீக்குவது, ஏற்கெனவே தொகுக்கப்பட்ட பிறருடைய நிரல்களை முறிக்கும். 64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் முதல் ஆறு முழு எண் அல்லது பாயிண்டர் ஆர்க்யுமென்ட்கள் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என்ற ரிஜிஸ்டர்களில் அந்த வரிசையில் செல்கின்றன. இரண்டாவது பாராமீட்டரை நீக்கினால், புதிய நூலகம் முன்பு மூன்றாவதாக இருந்ததை ஆர்எஸ்ஐ-யில் தேடும். பழைய நிரலோ அங்கே நீக்கப்பட்ட மதிப்பை வைத்திருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தவறான மதிப்பில் கணக்கு ஓடும். பைத்தானின் சிடைப்ஸ் வழியாகவோ, இயங்கும்போது ஃபங்ஷனைப் பெயரால் தேடும் டிஎல்சிம் வழியாகவோ அழைப்பவர்களுக்கும் இதே கதி.

இத்தகைய ஃபங்ஷன்களை அப்படியே விட்டுவிடுவதே பெரும்பாலும் சரியான முடிவு. மாற்றியே ஆக வேண்டுமென்றால், பாராமீட்டர் குறைந்த வடிவத்தைப் புதிய பெயரில் எழுதி, பழையதை அதை அழைக்கும் மெல்லிய உறையாக வைத்துக்கொள்ளுங்கள். அல்லது நூலகத்தின் எஸ்ஓ-நேம் எண் (பொருந்தாத மாற்றத்தைக் குறிக்கும் பதிப்பெண்) உயரும் பதிப்பு வரை காத்திருங்கள். லிப்அபிகெயில் திட்டத்தின் ஏபிஐடிஃப் கருவி இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு மாற்றங்களைக் காட்டும்.

படி 7: கருவிகளின் துணை

நிரலை ஆராயும் கிளாங்-டைடி கருவியில் இதற்கென ஒரு சோதனை இருக்கிறது. கோப்புக்குள் அடங்கிய ஃபங்ஷன்களில் பாராமீட்டரையும் அழைப்புகளின் ஆர்க்யுமென்ட்டையும் சேர்த்து நீக்கித் தரக்கூடியது அது. பல கோப்புகளில் பரவிய அழைப்புகளுக்கு, ஃபிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவாகி லினக்ஸ் கெர்னலில் நெடுங்காலமாகப் பயன்படும் காக்சினெல் என்ற கருவி மிகப் பொருத்தமானது. வரி முறிவுகளையும் இடைவெளிகளையும் பொருட்படுத்தாமல், சி மொழியின் அமைப்பைப் புரிந்துகொண்டு அது மாற்றுகிறது. இந்த ஃபங்ஷனின் அழைப்பில் இரண்டாம் ஆர்க்யுமென்ட்டை எடுத்துவிடு என்று ஒரு சிறு விதி எழுதினால், தொகுப்பு முழுவதற்குமான பேட்ச் (திருத்தக் கோப்பு) கிடைக்கும். அந்த விதியில் இரண்டாம் ஆர்க்யுமென்ட்டை எந்தக் கோவையாகவும் இருக்கலாம் என்று எழுதாமல், வெறும் பெயராக இருந்தால் மட்டும் பொருந்தட்டும் என்று எழுதுங்கள். பக்கவிளைவு இருக்கக்கூடிய அழைப்புகள் தீண்டப்படாமல் நிற்கும். கம்பைலர் அவற்றைக் காட்டும்போது ஒவ்வொன்றாகக் கையால் திருத்தலாம். மேக்ரோ வரையறைக்குள் ஒளிந்திருக்கும் அழைப்புகளை எந்தக் கருவியும் முழுமையாகப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 8: சரிபார்த்தல்

எல்லா அமைவுகளிலும் மீண்டும் தொகுத்துச் சோதனைகளை ஓட்டுவது அடிப்படை. ஸ்டாட்டிக் ஃபங்ஷன் திருத்தங்களுக்கு இன்னொரு நல்ல வழி, ஓ2-இல் முன்னும் பின்னும் தொகுத்த ஆப்ஜெக்ட் கோப்புகளை, அவற்றின் இயந்திரக் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் வழியாக ஒப்பிடுவது. கம்பைலர் ஏற்கெனவே கழற்றியிருந்த பாராமீட்டராக இருந்தால் கட்டளைகள் பெரும்பாலும் மாறாமல் இருக்கும். அப்படிக் கழற்றியதற்கு அடையாளமான ஐஎஸ்ஆர்ஏ என்ற பின்னொட்டு ஃபங்ஷன் பெயரிலிருந்து மறைந்திருக்கும். அசெர்ட்கள் வரி எண்ணைப் பதிப்பதால் வரும் சிறு வேறுபாடுகளைப் புறக்கணிக்கலாம். பாயிண்டர் வழி அழைப்புகள் மிகுந்த நிரலானால், அண்மைய கிளாங்கில் எஃப்சானிடைஸ்-ஃபங்ஷன் விருப்பத்துடன் தொகுத்துச் சோதனைகளை ஓட்டுங்கள்; வகை பொருந்தாத அழைப்பு நிகழும் இடத்தை அது சொல்லிவிடும்.

படி 9: எஞ்சியவற்றைக் குறியிடுதல்

இரண்டாம், மூன்றாம் குவியல்களில் உள்ளவை நிலைத்திருக்கும். அவற்றின் எச்சரிக்கையை, பாராமீட்டரை வாய்டுக்கு வகைமாற்றும் ஒரு வரியால் அடக்குவது பழைய வழக்கம். எல்லாக் கம்பைலரிலும் அது இயங்கும். ஆனால் பின்னாளில் அந்தப் பாராமீட்டர் உண்மையிலேயே பயன்படத் தொடங்கினாலும் அந்த வரி பொய்யாக அங்கேயே நிற்கும். ஜிசிசி-யும் கிளாங்கும் தரும் அன்யூஸ்டு அட்ரிப்யூட்டும் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. சி23-இல் மேபி_அன்யூஸ்டு என்ற தரநிலை அட்ரிப்யூட் இருக்கிறது. வரையறையிலேயே பாராமீட்டருக்குப் பெயர் இடாமல் விடவும் சி23 அனுமதிக்கிறது. பெயரில்லாததைத் தவறிக்கூடப் பயன்படுத்த முடியாது என்பதால், சி23 கிடைக்கும் இடத்தில் இரண்டாம் குவியலுக்கு இதுவே மிகச் சிறந்தது.

கிட் திட்டம் கையாண்ட முறை படித்துப் பார்க்கத் தகுந்தது. அதன் அன்யூஸ்டு மேக்ரோ, அன்யூஸ்டு அட்ரிப்யூட்டுடன் டெப்ரிகேட்டட் அட்ரிப்யூட்டையும் சேர்த்து இடுகிறது. பயன்படாது என்று குறித்த பாராமீட்டரை யாரேனும் பின்னர் பயன்படுத்தினால் கம்பைலர் எச்சரிக்கும். குறியீட்டை நீக்கினால்தான் மேலே போக முடியும். சில அமைவுகளில் மட்டும் பயன்படுபவற்றுக்கு டெப்ரிகேட்டட் சேராத வேறொரு மேக்ரோ அங்கே இருக்கிறது. பல ஆண்டுகள் சிறு சிறு தொடர்களாகத் துப்புரவு செய்தபின், 2024-இல்தான் அந்தத் திட்டம் உருவாக்குநர் அமைவில் இந்த எச்சரிக்கையை இயக்கியது.

உங்கள் தொகுப்பிலும் துப்புரவான அடைவுகளில் மட்டும் இந்த எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தித் தொடங்குங்கள். தொகுப்பு முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்தால், ஒரு பக்கம் நீங்கள் நீக்க மறுபக்கம் புதியவை வந்து சேரும். பிறர் நூலகங்களின் ஹெடர்களை ஐசிஸ்டம் விருப்பத்தால் சேர்த்தால் அவற்றின் எச்சரிக்கைகள் குறுக்கிடாது. அந்த நூலகங்களின் சொந்தக் கோப்புகளுக்கு எச்சரிக்கையைத் தனியே அணைத்துவிடலாம்.